ராணிக்கு நான் போட்ட பாலிஷ்

மாமியார் வீட்டில் நல்ல பெயர் எடுக்கத் துடிப்பது ஒரு வியாதி. கல்யாணமான புதிதில் எல்லா ஆண்களுக்கும் வரும். எனக்குக் கொஞ்சம் முற்றிப்போய் வந்தது.

மாமியார் வீடு ஆரம்பாக்கம். சொந்த நிலம், வீடு நிறைய நெல் மூட்டை. நானோ கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனியில் தரப் பரிசோதகன். ('கம்பெனி வேலை' என்று நான் சொல்லும்போதெல்லாம் மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார். பாவம் என்று நினைப்பாரோ என்னவோ.) எப்படியாவது அவரை அசத்திவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

வாய்ப்பைக் கொண்டுவந்தவன் மைத்துனன் குமரன். அவனுக்கு நாணயப் பைத்தியம். ராணி காலத்து ரூபாயில் வெள்ளி எவ்வளவு தாராளம், அப்புறம் எப்படிக் குறைந்தது, கடைசியில் எப்படி நிக்கலாகவே ஆகிவிட்டது என்று சாப்பிட்ட கை காயும்வரை பேசுவான். வீட்டுப் பூஜை அலமாரியில், மாமியாருக்கு அவருடைய அம்மா கொடுத்த விக்டோரியா ராணி ரூபாய் ஒன்று இருந்தது. 1862 என்று போட்டிருக்கும். அதே வருஷத்தைப் போட்டே பல வருஷம் அச்சடித்தார்களாம். பின்பக்கம் இருக்கும் பொடிப் புள்ளிகளை வைத்துத்தான் எந்த வகை என்று சொல்ல முடியுமாம். இது அபூர்வமான வகை என்று குமரன் நம்பினான்.

மாமியாருக்கு விற்கும் எண்ணமெல்லாம் இல்லை. தன் அம்மா கொடுத்தது லேசுப்பட்ட பொருள் அல்ல என்று சான்றிதழோடு நாத்தனார்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய நாணயங்களைப் பரிசோதித்துத் தரச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறதாம்; அதன் சென்னை ஏஜென்ட்டிடம் காசைச் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கட்டணமும் என்னுடையது என்றேன். (எவ்வளவு என்று கேட்காமலே. தரம் பார்க்க ஒரு தொகை, வகை சொல்ல ஒரு தொகை, பத்திரமாகத் திருப்பி அனுப்ப ஒரு தொகை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.)

கையில் வாங்கிப் பார்த்தால் காசு கருகருவென்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுக்கோடு ஒரு சாமான் என் மேஜைக்கு வந்தால் தொடாமலே திருப்பி அனுப்புகிறவன் நான். அந்த நாணயக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகரும் மனிதர்தானே?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ராணியை ஆசிட்டில் ஒரு முக்கு முக்கினேன். பிறகு பாலிஷ் சக்கரத்தில் வைத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று பாரபட்சம் இல்லாமல் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ராணியின் முகம் தெரிய வேண்டிய இடத்தில் என் முகம் தெரிந்தது. ஏஜென்ட் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துப் பெட்டி வந்தது. நாத்தனார்கள் சூழ்ந்திருக்க, மாமியாரே பிரித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ராணி தகதகவென்று இருந்தாள். கூட வந்த சீட்டைக் குமரன் வாசித்தான். காசு அசல்தானாம். ஆனால் மெருகேற்றிக் கெடுத்திருப்பதால் தரம் கொடுக்க முடியாதாம். வகையும் சொல்ல முடியாதாம்.

குமரன் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் தேடினான்.

"மாமா, இதுல இருந்த புள்ளிங்க எங்க?"

"புள்ளியா? அழுக்குன்னு நென்ச்சிக்கினு நல்லா தேச்சிட்டேன் மச்சான்," என்றேன். அப்போதும் ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதுதான் கேவலம்.

அவன் அந்தக் கறுப்பு அழுக்கல்ல, காலம் ஏற்றிய நிறம், அதற்குத்தான் மதிப்பே என்று விளக்க ஆரம்பித்தான். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. உறையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, இந்தம்மாவுக்கு மூக்கே காணோம்?"

நாத்தனார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் ராணியைப் பூஜை அலமாரியில் வைத்து, உறைமேலேயே குங்குமம் இட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

திட்டாமல் விட்டதற்கெல்லாம் பிற்பாடு வட்டியோடு வசூலித்துக்கொண்டார். எங்களுக்கு மகள் பிறந்தபோது தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மூக்கு எடுப்பாக வரட்டும் என்று இரண்டு விரலால் நீவிவிடுவார். ஒருநாள் நானும் நீவிவிடுகிறேனே என்று ஆசையாகக் கையை நீட்டினேன். மாமியார் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க தள்ளி நில்லுங்க மாப்ளே. மிச்சம் இருக்கறது இந்த ஒரு மூக்குதான்."