மண்டகப்படிக் கமிட்டியில் நான் டெமிட் செய்த கதை

வில்லாபுரம்,
பங்குனி 14

சென்னைப் பட்டணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை காளைக்கு, அத்தான் முத்திருளன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் மாடு கன்றுகள் சுகம். மற்றவர்கள் சுகம் உன் கையில் இருக்கிறது.

அழகர் வந்து தங்கும் நம் மண்டகப்படிக்கு நான் காரியதரிசியாக இருப்பது உன் அக்காள் மாயக்காளுக்கு ஆகவில்லை. போன வருஷம் பானகம் கரைக்க வாங்கிப் போன அவளுடைய அண்டா ஓட்டையோடு திரும்பியது. “அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள நீங்க கமிட்டிய விடல, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்” என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். நம் ஊரில் ராஜினாமா என்றால் கோபித்துக்கொள்வது என்றல்லவா நினைக்கிறார்கள்! தலைவர் மொக்கைச்சாமி வெற்றிலைத் தட்டோடு வந்து சமாதானம் செய்து, அதே தட்டில் ராஜினாமாவையும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் மறுபேச்சுக்கு இடமில்லாத வார்த்தையாக ஒன்று உன்னிடம் கேட்டேன். நீயும், பெரிய பதவியில் இருப்பவர்கள் அதைக் கீழே வைக்கும்போது மட்டும் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தை என்று டெமிட்டை எழுதி அனுப்பினாய். நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்று, “காரியதரிசி பதவியை இன்றோடு டெமிட் செய்கிறேன்” என்றேன். ஒரு பயலுக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் ஒருவனுக்கும் மனசில்லை. மொக்கைச்சாமி எழுந்து, “ரொம்பச் சந்தோசம்ணே! அழகர் வாரதுக்குள்ள டெமிட் பண்ணி முடிச்சிருவீகளா?” என்கிறார். ஒருவன், “பந்தலுக்கு முன்னாடியா, பின்னாடியாண்ணே?” என்கிறான். இன்னொருவன் எம்புட்டு மூங்கில் வேண்டும் என்று கேட்கிறான். விலகுகிறேன் என்று அர்த்தமடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். “அண்ணே எப்பவுமே தன்னடக்கம்” என்று மாலையைப் போட்டுவிட்டார்கள். மாலையோடு வீட்டுக்குப் போனால் உன் அக்காள் முகத்தில் விழிக்க முடியுமா? வைக்கோல்போரில் மறைத்துவிட்டு வந்தேன். மாடு தின்றுவிட்டது.

நீ படித்த படிப்பு உனக்காவது உதவட்டும். கள்ளழகர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
முத்திருளன்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் பள்ளிக்கூட வாத்தியார், டெமிட் என்றால் கோபமும் இல்லை, தன்னடக்கமும் இல்லை, பதவியை அடியோடு விடுவது என்று அர்த்தத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டார். உடனே ஏற்றுக்கொண்டு பேயாண்டியைக் காரியதரிசியாகப் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் பரிவட்டம் அவன் தலையில். அழகருக்கு முன்னால் தாம்பாளம் ஏந்தி நிற்கப்போவது அவன் பெண்டாட்டி அன்னக்கொடி. சேதி கேட்டதிலிருந்து உன் அக்காள் அவிழ்த்த பெட்டியை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறாள். பதவியைத் திரும்ப வாங்கினால்தான் இந்த வீட்டில் இருப்பாளாம். அதற்கு ஒரு வார்த்தை இருந்தால் தந்தியில் அனுப்பு. எல்லோருக்கும் புரிகிற தமிழில் இருக்கட்டும்.