கடைப் பலகையில் ஒரு பகா எண்

கணித மேதையும் என் ஒரே மகளின் கணவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, குழாய் பழுது பார்க்கும் மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், கடையைத் தவிர. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வாயைத் திறந்தால் நீங்கள் கணக்கை ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

கல்யாணம் பேச வந்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் மகளைப் பார்த்ததைவிடக் கடைப் பலகையைத்தான் அதிக நேரம் பார்த்தீர்கள். அதிலிருந்த 73939133 எனக்குத் தொலைபேசி எண், உங்களுக்குப் புதையல். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்ணாம். அதோடு விட்டதா? கடைசி இலக்கத்தை எடுத்தாலும் மிச்சம் பகா எண், அதிலும் கடைசியை எடுத்தாலும் பகா எண், இப்படியே வெறும் 7 மிஞ்சும்வரை அசையாதாம். இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் ஆகப் பெரியது, இதன் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் மானம் போய்விடும் என்று நீங்கள் கண்கலங்கியபோது, இளகிய மனசுக்காரர் என்று நானும் தலையாட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல.

கல்யாணம் முடிந்த கையோடு பெயின்ட் எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தகர இலக்கங்களை உங்கள் திருக்கையாலேயே ஒட்டினீர்கள். கடைசி மூன்றுக்கு வரும்போது பசை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. முதல் மழைக்கே கடைசி 3 கழன்றது. ஆணியடிக்க ஏணி எடுத்தால், "விடுங்க மாமா, இப்பவும் பகா எண்தான்" என்று தடுத்தீர்கள். மாணவர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டுமாம். அடுத்த 3 பக்கத்துக் கடைத் தையல்காரர் தலையில் விழுந்தது. பிளாஸ்டரும் கையுமாக நின்ற மனிதருக்கும் பாடம் எடுத்தீர்கள். பிறகு 1 போனது. இப்போது பலகையில் 73939. அதைப் பார்த்துப் போன் அடிப்பவர்களுக்கு நான் கிடைப்பதில்லை, எனக்கு வேலை கிடைப்பதில்லை. நேற்று ஒருவர் நனைந்த பேன்ட்டோடு கடைக்கே ஓடி வந்தார், வீட்டில் குழாய் உடைந்து முழங்கால் தண்ணீராம். அந்த நேரம் பார்த்து நீங்கள் இருந்தீர்கள். அந்த எண்ணை யாராலும் வகுக்க முடியாது என்று அவருக்குத் தைரியம் சொன்னீர்கள். "வீடே மிதக்குது, இவர் யாருங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். மாப்பிள்ளை என்று சொல்ல நாக்கு எழவில்லை. தெரிந்தவர் என்றேன்.

மகளிடம் முறையிட்டால், "அப்பா, அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதாம்ப்பா" என்கிறாள். புதுசாகக் கல்யாணமான பெண் சொல்லும் பேச்சா இது?

ஆகவே நாளை பலகையைக் கழற்றுகிறேன். இரண்டால், ஐந்தால், பத்தால், தெருவில் போகிற எவனாலும் வகுபடுகிற நல்ல எண்ணாகக் கேட்டு வாங்கப் போகிறேன். வருத்தப்படாதீர்கள். பட்டாலும் பரவாயில்லை.

நீங்களும் மகளும் மீதியில்லாத நிம்மதியோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டும்போது தொலைபேசி அலுவலகத்து ஆள் வந்தார். எல்லா எண்ணுக்கும் கடைசியில் ஒரு இலக்கம் சேர்க்கிறார்களாம், எது வேண்டும் என்று நாமே சொல்லலாமாம். குஷியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரட்டைப்படையும் ஐந்தும் சொல்லவே வேண்டாம். 1 போட்டால் மூன்றால் வகுபடுகிறது, 7 போட்டால் ஒன்பதால். நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 3, 9 இரண்டும் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, ஏதாவது ஒன்று வகுபடாமல் தப்பிக்காதா என்று ஒரு நப்பாசை. உடனே வந்து பாருங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போனை வெட்டினால் வெட்டட்டும், நம் எண்ணில் எவனும் கைவைக்கக் கூடாது. வரும்போது நல்ல பசையாக வாங்கி வாருங்கள். விழுந்த இலக்கங்களைத் துடைத்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.