முழு மதிப்பெண் பெற்ற மயக்கம்

மன அழுத்தத்தை அடியோடு ஒழித்த இடங்கள் உலகில் இரண்டே இரண்டு. ஒன்று, மயானம். மற்றொன்று, நான் மூன்றாம் ஆண்டு படிக்கும் நர்சிங் கல்லூரி. முன்னதில் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை என்பதால் எங்கள் கல்லூரியே ஒரு படி மேல்.

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. சென்ற மாதம்தான் பிரின்சிபால் மேடம் "இனி இல்லை மன அழுத்தம்" என்ற பயிலரங்கை நடத்தினார். எங்கள் படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் அதை வைத்தார். வராதவர்களுக்கு அபராதம். வந்தவர்களுக்கு "நான் எவ்வாறு நிம்மதியாக இருக்கிறேன்" என்று இருபது பக்கக் கட்டுரை, திங்கள் காலைக்குள். நிம்மதி போதவில்லை என்று சிலருடைய கட்டுரைகள் திருப்பி அனுப்பப்பட்டன.

இவ்வளவு அக்கறையையும் மீறி ஒருத்தி களைத்துப்போனாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது? நாங்கள் "கொட்டாவி" என்று சொன்னோம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கொட்டாவி வந்துவிடும். காலையில் வார்டு, மதியம் வகுப்பு, மாலையில் மறுபடி வார்டு. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு "கேர் பிளான்" எழுத வேண்டும்: அவருக்கு என்ன குறை, நாம் என்ன செய்யப்போகிறோம், செய்ததில் என்ன ஆயிற்று என்று. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய கேர் பிளான் நம்மை விட்டுப் போகாது.

ஒருநாள் வார்டில் ஒரு பெரியவரின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தவள், நின்றபடியே தூங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேடம் வந்தார். பெரியவர் உதட்டில் விரல் வைத்து, "மெதுவா வாங்கம்மா. புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றார்.

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன்.

"பயிலரங்குக்கு வந்தியா இல்லையா?" என்றார் மேடம்.

"வந்தேன் மேடம்."

"அதுக்கப்புறமும் எப்படித் தூக்கம் வருது?"

"அங்கதான் மேடம் ஆரம்பிச்சுது."

இன்னொரு முறை டியூட்டியில் தூங்கினால் செமஸ்டர் ரத்து என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் கொட்டாவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"செமஸ்டர் போச்சுன்னா எங்கப்பா படிச்சது போதும், வீட்டோட இருன்னுடுவாருடா."

"வீட்ல நல்லாத் தூங்கலாமே."

"தூங்கலாம். ஆனா நர்ஸ் ஆக முடியாதே." அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. தலைப்பு, "நினைவிழந்த நோயாளியைப் பராமரித்தல்". இதற்கென்றே கல்லூரியில் ஒரு ரப்பர் பொம்மை உண்டு. முதல் நாள் தேர்வில் பாதி வகுப்பும் அதைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. "அதுவும் எவ்வளவுதான் தாங்கும், பாவம்" என்று மேடம் கலங்கிப்போய், பொம்மைக்கு உடனடியாக ஒரு மாத ஓய்வு அறிவித்தார். மனிதாபிமானம் என்பது இதுதான்.

ஆனால் மீதிப் பாதி வகுப்புக்கு மறுநாள் தேர்வு. வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டில் காலி.

"கொட்டாவி நேத்தே தேர்வு முடிச்சிட்டா மேடம். அவளைப் படுக்க வைக்கலாமே" என்றேன்.

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ண மூடிக்கிட்டு அசையாம இருக்கணும். முடியுமா?"

"முயற்சி பண்றேன் மேடம்" என்றாள், மிகுந்த தன்னடக்கத்துடன்.

"ஆனா தூங்கிடாத. இதுவும் டியூட்டிதான். ஞாபகம் இருக்கில்ல?"

அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். போர்வை கழுத்துக்கு வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவராக வந்து வாயைத் துடைத்தார்கள், இடப்பக்கம் திருப்பினார்கள், வலப்பக்கம் திருப்பினார்கள், முதுகை நீவினார்கள். பொம்மைகூட இவ்வளவு ஒத்துழைத்ததில்லை. தேர்வாளர் சார் சொக்கிப்போனார்.

என் முறை வந்தபோது நோயாளி குறட்டை விட்டாள்.

"என்னப்பா அது சத்தம்?" என்றார் சார். மேடத்தின் கண்கள் சுருங்கின. ஒரு செமஸ்டர் என் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நினைவில்லாதவங்களுக்கு நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சு இரையும் சார். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்." திருப்பினேன். சத்தம் நின்றது.

"அபாரம். குறட்டையக்கூட பாடப் புத்தகத்துல உள்ளபடியே விடுறாங்களே. சரி, வலி தெரியுதான்னு நகத்த அழுத்திப் பாரு. என்ன பதில் வருது?"

பட்டும் படாமலும் அழுத்தினேன். "கேர் பிளான் நாளைக்குத் தந்துடறேன் மேடம்" என்றாள் அவள், கண் திறக்காமல்.

"பேச்சு வருது. தெளிவான பேச்சா, குழப்பமான பேச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் தம்மை மறந்து, "குழப்பம்தான் சார். அது நேத்தே தர வேண்டியது" என்றார்.

"அப்ப இவங்களுக்குக் காலம் தெரியல. ரொம்பச் சரி." சார் எனக்கு மதிப்பெண் போட்டார்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "நிஜமாவே தூங்குறா, இல்ல?" என்று பல்லைக் கடித்தார்.

"எழுப்பிக் கேட்டுடலாமா மேடம்? ஆனா நோயாளி நடிக்கல, நிஜமாத் தூங்கிட்டான்னு தெரிஞ்சா, காலையிலேர்ந்து நடந்த தேர்வு செல்லாதுன்னு சார் எழுதிடுவாரே."

மேடம் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"ஒண்ண மட்டும் எல்லாரும் கோட்ட விட்டுட்டாங்க மேடம்" என்றார் சார். "நினைவில்லாதவங்ககிட்டயும் ஆறுதலாப் பேசணும். காதுதான் கடைசி வரைக்கும் கேக்கும். அதுக்குத் தனியா அஞ்சு மார்க். நீங்களே பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுங்களேன்."

வேறு வழியில்லை. மேடம் கட்டிலருகே உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்தார். "ரொம்பக் களைச்சுப் போயிட்டியாம்மா? பயப்படாத. நாங்கல்லாம் இருக்கோம். நீ நல்லா ஓய்வெடு" என்றார். வகுப்பில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு நோயாளியை உருவாக்க இந்தக் கல்லூரியால் மட்டுமே முடியும்" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

பாராட்டுப் பெற்றவளைத் தண்டிப்பது எப்படி? மேடம் நன்கு யோசித்து, நடந்தது தூக்கம் அல்ல, "ஆழ்ந்த ஒத்துழைப்பு" என்று பதிவு செய்தார். செமஸ்டர் பிழைத்தது.

எல்லோரும் போனபிறகு அவளை உலுக்கி எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டிலில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"களைச்சுப் போயிட்டியாம்மான்னு யாரோ கேட்டாங்கடா. கனவுதானே?"

"கனவில்ல. மேடம்தான் கேட்டாங்க."

"நம்ம மேடமா? என்னையா?" போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். "மூணு வருஷமா முழிச்சுக்கிட்டுத்தானேடா இருந்தேன். அப்பல்லாம் ஏன் கேக்கல?"

"அது சிலபஸ்ல இல்ல."