ஜன்னல் மூலையும் ஆப்பிரிக்கத் தம்பதியும்

இந்த வருஷம் கொலுவுக்கு ஜன்னல் மூலையை விட்டுக்கொடுப்பதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொண்டேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் செய்யும் பிரதிக்ஞைகள் எங்கள் வீட்டில் சமையலறையைத் தாண்டியதில்லை.

மாட்டுங்காவில் எங்களுக்கு இருப்பது ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் என் சாய்வு நாற்காலி. வருஷம் தவறாமல் நவராத்திரி வந்ததும் என் மனைவி அகிலாண்டம் அதை வெளியே தள்ளிவிட்டு அங்கே படி கட்டிவிடுவாள். பொம்மைகளுக்குக் காற்று. எனக்கு வியர்வை. போன மார்ச்சில் பம்பாயில் டிராமையே நிறுத்திவிட்டார்கள். காலங்காலமாக ஓடிய டிராமை நிறுத்த முடியுமானால் ஒரு கொலுவை நகர்த்த முடியாதா?

அதனால்தான் மீன் வளர்க்க முடிவு செய்தேன். தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டால் எவராலும் அசைக்க முடியாது பாருங்கள்! ஜன்னல் மூலையில் தொட்டியை வைத்து, தண்ணீரும் நிரப்பிவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் கடை ரஹ்மத்துல்லா சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு மீன்களைப் பாட்டிலில் விட்டார். ஒன்று நீலமும் மஞ்சளுமாய்ப் பளபளத்தது. மற்றது அழுக்கு வேட்டி நிறம்.

"பேர் என்ன, பாய்?"

"ஆஃப்ரிக்கா கா மால் ஹை, சாப். ஜோடி ஹை. நாம் லேகே கியா கரேகா?"

ஆப்பிரிக்கச் சரக்காம், ஜோடியாம். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்கிறார். அவர் அகிலாண்டத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை மீன் என்பது பஞ்சாங்கத்தில் ஒரு ராசி மட்டுமே. அகிலாண்டம் கூச்சல் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்ன மீன் இது?"

"ஆப்பிரிக்கா மீன்."

"அது ஊர். பேர் என்ன?"

"தெரியாது."

"பேர் தெரியாதவாளை ஆத்துல குடிவெக்கறதா? வாடகைக்கு வர்றவாளைக்கூட நாலு கேள்வி கேக்கறா."

"கண்டுபிடிச்சுடறேன்."

"எப்போ?"

"கொலுவுக்குள்ளே."

"சரியாச் சொல்லிட்டேள்னா மூலை உங்களுக்கு. தப்பாச் சொன்னேள்னா எனக்கு."

"சரியா தப்பான்னு யார் சொல்றது?"

"மீனே சொல்லட்டும்."

மீன் எங்கே பேசப்போகிறது! மகா சந்தோஷத்தோடு கையடித்துக் கொடுத்தேன்.

கோட்டை நடைபாதையில் ஒரு பழைய இங்கிலீஷ் புஸ்தகம் கிடைத்தது. உலகத்து மீன்கள் எல்லாம் அதில் இருந்தன. படங்கள் மட்டும் கறுப்பு வெள்ளை. எல்லா மீனும் ஒரே ஜாடை. ஆபீஸ் விட்டு வந்ததும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து உரக்கப் படிப்பேன். அகிலாண்டத்துக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஆகவே வரிக்கு வரி தமிழில் விளக்குவேன். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

வடிகட்டி வடிகட்டி இரண்டு ஜாதிகளுக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றின் பேர் கிரிபென்ஸிஸ். சந்து பொந்துக்குள் முட்டையிடும். அதில் பெண்தான் மினுக்கி. மற்றது எகிப்துப் பக்கத்து மீன். அதில் மினுக்குவது ஆண். முட்டையை வாயில் போட்டுக் காப்பாற்றுமாம். வாயில் முட்டையாவது! கட்டுக்கதை என்று வேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

"அதை இன்னொரு தரம் படிங்கோ," என்றாள் அகிலாண்டம்.

வேண்டாவெறுப்பாகப் படித்தேன்.

ஆக, கேள்வி ஒன்றுதான். தொட்டியில் புருஷன் எது, பெண்டாட்டி எது? அது தெரிந்தால் ஜாதி தெரிந்துவிடும்.

பதில் தானாகவே வந்தது. அழுக்கு வேட்டி ஒருநாள் சாப்பாட்டை நிறுத்தியது. பாவு ரொட்டியைத் தூளாக்கிப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டது. பளபளப்பு அதைத் தொட்டி முழுக்க விரட்ட, அது மூலை மூலையாக ஒதுங்கியது. இருபது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு வேறு அடையாளம் வேண்டுமா? இதுதான் புருஷன்! கூடப் பிறந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அடுத்த வீட்டுப் பஞ்சுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தாடை வீங்கியிருக்கே, ஓய். அடி கிடி பட்டிருக்குமோ?"

"பட்டிருந்தா வெளியில சொல்லிக்குமா?" என்றேன். பஞ்சுவும் கல்யாணமானவர். பெருமூச்சு விட்டுப் போனார்.

பொந்து வேண்டுமே என்று சமையலறையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியைக் கடத்தித் தொட்டிக்குள் போட்டேன். இரண்டும் அதைச் சீந்தவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மஹாளய அமாவாசை வந்தது. அன்று சாயங்காலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

"கிரிபென்ஸிஸ்! பளபளன்னு விரட்டறது பெண்டாட்டி. பட்டினி கிடந்து வாயை மூடிண்டிருக்கறது புருஷன்."

"நிச்சயமா?"

"நானே சாட்சி."

"அப்படின்னா சித்த எழுந்து தள்ளி நில்லுங்கோ. உங்க நிழலுக்குப் பயப்படறது."

எழுந்து தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் கூடப் பிறந்தவன் மெல்ல வாயைத் திறந்தான். உள்ளிருந்து கடுகு கடுகாக ஏதோ வந்தது. கடுகுக்குக் கண் இருந்தது. வால் இருந்தது. ஐயோ என்று குனிந்தேன். அத்தனை குஞ்சும் ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் திரும்பி ஓடின. வாய் மூடிக்கொண்டது.

"அம்மாக்காரி," என்றாள் அகிலாண்டம். "நீங்க ஆபீஸ் போனப்பறம் தினம் மத்தியானம் வெளியில விளையாட விடறா. வாயில வெச்சுக் காப்பாத்தற ஜாதி. எகிப்துக்காரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே படிச்சேள். ரெண்டு தரம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"பெத்தவளே வாயைத் திறக்கலை. எனக்கென்ன வந்தது?"

எனக்குக் கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. "அதெல்லாம் சரி. தொட்டியை நகர்த்த முடியாதே!"

"அதை ஏன் நகர்த்தணும்? கொலுவுக்கு ஒரு தெப்பக்குளம் வேணும்னு எத்தனை வருஷமாக் கேட்டிண்டிருக்கேன்! தாம்பாளத்துல தண்ணி விட்டுன்னா ஒப்பேத்திண்டிருந்தேன். குளம் அங்கேயே இருக்கட்டும். சுத்திப் படி கட்டிக்கறேன்."

"பின்னே எதை நகர்த்தறது?"

"அந்தப் பக்கத்துல கடைசியாப் படிச்சேளே. 'முட்டை வாய்க்குள்ள போனதும் ஆணை வெளியில எடுத்துடணும். அங்கே இருந்தா தொந்தரவுதான்.' உங்க தமிழ்தான். நன்னாவே சொன்னேள்."

இப்போது பொது வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருக்கிறேன். உள்ளே கிங்ஸ் சர்க்கிள் மாமிகள் அத்தனை பேரும் தெப்பக்குளம் பார்க்க வந்திருக்கிறார்கள். பாட்டு வருகிறது. சுண்டல் வாசனை வருகிறது. சுண்டல் வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் நீலமும் மஞ்சளுமாய், என் நிஜமான கூடப் பிறந்தவன்.

கதவு திறந்தது. அகிலாண்டம் வந்து பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை ரொட்டித் தூள் போட்டாள்.

"எனக்கு?" என்றேன்.

"அது வாயில்லா ஜீவன், கேக்கத் தெரியாது. உங்களுக்கு மாமிகள்லாம் போனப்பறம். மிஞ்சித்துன்னா."