ஒதுங்கினார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை

பழவேற்காடு

பேரன்புக்குரிய மச்சான் முஹ்சின் அவர்களுக்கு, இஸ்மாயில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். மீஞ்சூரில் உங்கள் மூட்டுவலி குறைய துஆ செய்கிறேன். போனில் சொன்னால் உங்கள் தங்கை பரக்கத் பீவியின் காதில் விழும், ஆகவே கடிதம்.

என் மகள் ஷஹானாவின் கல்யாணப் பத்திரிகையில் ‘ஒதுங்கினார் வீடு’ என்ற எங்கள் வீட்டுப் பெயரை எடுத்துவிட்டு, ‘கப்பல்காரர் வீடு’ என்று அச்சடிக்கச் சொன்னேன் அல்லவா? புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். கப்பல் உடைந்து, உயிரோடு கரை ஒதுங்கியவர்களுக்கு இந்த ஊர் வைத்த பெயர் அது. சம்பந்தி அர்த்தம் கேட்டபோது வெட்கப்பட்டு, எங்கள் முன்னோருக்குச் சொந்தக் கப்பல் இருந்தது என்று அளந்துவிட்டேன். பிறகு, கௌரவமான வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்காதா என்று ஏரிக்கு அக்கரையில் பசியாவரத்து மீனவர்களிடம் விசாரிக்கப் படகேறினேன். ஏரி நடுவில் போட்டோ எடுக்க எழுந்து நின்றேன், படகு சாய்ந்தது, விழுந்தேன், கலிமா சொன்னேன், காப்பாத்துங்க என்று அலறினேன். வலை இழுத்துக்கொண்டிருந்த லோகநாயகி என்ற அம்மா, "எந்திரிச்சு நில்லுங்க பாய், தண்ணி இடுப்புக்குக்கூட இல்ல!" என்றார்.

நின்றேன். உண்மைதான்.

தன் வீட்டுக்கு அழைத்துப்போய், உலர்ந்த லுங்கி கொடுத்து, சுடுசோறும் மடவை மீன் குழம்பும் வைத்தார். நான் இன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மொதல்ல துன்னுங்க. ஒதுங்கினவங்க பசியாறாம பேரு, ஊரு, சாமி இன்னான்னு கேக்க மாட்டோம். எங்க வழக்கம்."

"எப்பத்துலேருந்து?"

"கப்பல் ஒடஞ்சு ஒங்க ஆளுங்க வந்தாங்களே, அப்பத்துலேருந்து. பேரு கேக்காம கூப்புடணுமே, அதான் ஒதுங்கினாருன்னாங்க."

மச்சான், அறுபத்து மூன்று வயது வரை நான் அவமானம் என்று நினைத்த பெயர், பசித்தவனிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்தவர்கள் வைத்தது. அந்தக் கையால் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். அல்லாஹ்வின் கருணையை நினைத்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினேன். ஆகவே ‘ஒதுங்கினார் வீடு’ என்றே, பெரிய எழுத்தில், தங்க நிறத்தில் அச்சடியுங்கள். சம்பந்திக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும், எனக்குப் பயமில்லை.

பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
முகம்மது இஸ்மாயில்

பி.கு: சம்பந்தி இப்போதுதான் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முப்பது பேரோடு எங்கள் கப்பலைப் பார்க்க வருகிறாராம். ஷஹானா கல்யாணச் சந்தோஷத்தில் இரண்டு நாளாகப் பாடிக்கொண்டே வீட்டில் நடமாடுகிறாள், மச்சான். அச்சகத்தில் எதுவும் சொல்லவேண்டாம். துறைமுகத்தில் தெரிந்த ஆள் இருந்தால், தூரத்திலிருந்து காட்டுவதற்கு ஒரு கப்பல் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.