ஆரஞ்சு அய்யாவின் கண்ணாடித் தொட்டி

வாரத்தில் மூன்று நாள், டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் மனிதர்களின் கஷ்டங்கள் தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டன. மூழ்கடித்தவர் ஆரஞ்சு அய்யா. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி ஒரு வருடம் ஆகிறது. எல்லார் கஷ்டத்தையும் தீர்ப்பவருக்கு லிஃப்டின் கஷ்டம் மட்டும் வசப்படவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்தப் படியை ஏறுவதும் இல்லை.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். வங்கி மேலாளர் வந்தார். வக்கீல் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியர், மிதப்பது பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுத்த கையோடு, கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்துடன் வரிசையில் நின்றார்.

விஷயம் இதுதான். உங்கள் பழத்தை நெஞ்சோடு அணைத்து, கஷ்டத்தை அதற்குள் நினைக்க வேண்டும். அய்யா அதை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் போடுவார். பழம் மிதக்கும். "கஷ்டம் தலைக்கு மேல நிக்குது" என்பார். நீங்கள் பணம் வைத்த கவரை நீட்டுவீர்கள். அய்யா கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி தோலை உரிப்பார். உரித்த பழத்தைத் தொட்டியில் விடுவார். அது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கஷ்டம் மூழ்கிவிட்டது. கூட்டம் வாயைப் பிளக்கும். இத்தனைக்கும் பிறந்ததிலிருந்து ஆரஞ்சு உரித்துத் தின்றவர்கள்தான். உரித்த பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றிவிடக் கூடாதென்றுதான் அய்யா முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார்: கஷ்டம் தீரும்வரை யாரும் வீட்டில் ஆரஞ்சு உரிக்கக் கூடாது.

அந்தத் தொட்டியில் தன் இதயத்தை நம்பிப் போட்டவர் ஒரு பஸ் டிரைவர். ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறித்தான் மனிதர் தன் நெஞ்சைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை தங்கை அவர் வீட்டுக்கு வந்தபோது ஆஸ்பத்திரிப் பை கட்டப்படாமல் கிடந்தது. தங்கை ஒன்பது வருடமாக ஜூஸ் கடை நடத்துகிறவள்.

"என்னண்ணே, இன்னும் துணிகூட எடுத்து வைக்கல?"

"ரெண்டு பழம் மூழ்கிடுச்சும்மா. நாளைக்குக் காலைல மூணாவது. அதுவும் மூழ்கிட்டா ஆபரேஷனே வேணாம்னுட்டாரு அய்யா."

"டாக்டர் படம் புடிச்சுக் காட்டினாரே?"

"அவரு மெஷின்ல பாத்தாரு. இவரு மனசால பாக்குறாரு."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேராசிரியரே வர்றாரு. நீ என்னத்தக் கண்டுட்ட?"

"எதைப் போட்டா மூழ்குச்சு அண்ணி? உரிச்ச பழத்தையா?"

"உரிச்சுத்தான். ஏன்?"

தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. தினமும் காலையில் கடையில் ஆரஞ்சைக் கழுவ அண்டாவில் கொட்டுகிறாள். எல்லாம் மேலேதான் மிதக்கும். உரித்த பழம் கை நழுவி விழுந்தால் மட்டும், முழங்கை நனைய அடியில் துழாவி எடுக்க வேண்டும். அது ஏன் என்று அவள் யோசித்ததில்லை. ஆனால் அதற்காக யாரிடமும் கவர் வாங்கியதும் இல்லை.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணி. அண்ணனின் பழம் மிதந்தது. அய்யா நகத்தைத் தோலில் வைத்தார்.

"அய்யா, இதை நான் உரிக்கிறேன்" என்றாள் தங்கை.

"மந்திரம் தெரியாம உரிச்சா கஷ்டம் உன் தலைக்கு ஏறிடும் தாயி."

"ஏறட்டும். எங்கண்ணன் கஷ்டந்தானே."

கூட்டம் உருகிப் போனது. கூட்டம் உருகியபின் மறுத்தால் தொழில் கெடும் என்று அய்யாவுக்குத் தெரியும். பழத்தைக் கொடுத்தார். அவள் கண்ணை மூடினாள். அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே உரித்தாள். "மார்க்கெட், தபால் ஆபீஸ், பாலம், பாலத்துக்கு அடுத்தது, மில் கேட்..." மில் கேட் வருவதற்குள் தோல் வந்துவிட்டது. தொட்டியில் விட்டாள். பழம் அடிக்குப் போய் உட்கார்ந்தது.

அய்யா லேசுப்பட்டவர் இல்லை. "பாத்தீங்களா, என் பார்வை பட்ட பழம். யாரு உரிச்சாலும் மூழ்கும்" என்றார். கூட்டம் கை தட்டியது.

தங்கை பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்தாள். "சரிங்கய்யா. பார்வை இருக்கு, மந்திரமும் இருக்கு. ரெண்டையும் இதுக்குக் குடுங்க. தோலை மட்டும் விட்டுடுங்க."

அய்யா தண்ணீர் குடித்தார். முணுமுணுத்தார். பழத்தைப் போட்டார். மிதந்தது. இன்னும் சத்தமாக முணுமுணுத்தார். மிதந்தது. விரலால் அமுக்கினார். அமுங்கி, எகிறி, அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் மிதந்தது.

பின்வரிசையில் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "தோலுக்குள்ள காத்து இருக்கும். அதான் தூக்கிப் பிடிக்குது. தோல் போனா காத்தும் போயிடும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றாள் தங்கை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பழத்தோட வந்தீங்க?"

"பொண்ணு கல்யாணம் தள்ளிப் போகுது. இங்க வரும்போது அதையெல்லாம் யோசிக்கத் தோணலம்மா."

அதற்குள் வங்கி மேலாளர் தன் பழத்தைத் தானே உரித்துத் தொட்டியில் போட்டார். வக்கீலும் போட்டார். பழங்கள் ஒவ்வொன்றாக அடிக்குப் போயின. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் அய்யா இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

டிரைவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ என் நெஞ்சு?"

"அது இருந்த இடத்துல இருந்தபடியே இருக்குண்ணே. அடைப்பும் அப்படியே இருக்கு. மெதுவா எறங்கு, நாலு மணிக்குள்ள போயிடலாம்" என்று தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி மறு கையைப் பிடித்தாள். மறுநாள் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நாம் புத்திசாலிகள் என்று சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஜூஸ் கடையைத் திறந்தபோது வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு. முன்னால் நின்றவர் கை கூப்பினார். "அம்மா, மந்திரமே இல்லாம மூழ்க வச்சீங்களாமே. உங்க கையால உரிச்சுக் குடுங்க."

அவள் கத்தவில்லை. வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்களே உரிங்க, நீங்களே போடுங்க. மூழ்கினதும் ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பழத்தை உரிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கும். யோசிக்கிறதுக்கும் ஆள் புடிச்சீங்கன்னா, அவன் உங்களைத்தான் உரிப்பான்."