இரண்டு மணி நேரமும் ஒரு பலாட்டாவும்

என் மாமியார் ஒருமுறை மூன்று மாதம் நாக்கில் இனிப்பே படாமல் இருந்தார். சர்க்கரை வியாதி அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் காரணம் நான்தான். இதை இதுவரை கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூட முழுசாகச் சொன்னதில்லை (பாதிரியார் சிரித்துவிட்டால் என்ன செய்வது?). இங்கே சொல்லிவிடுகிறேன்.

அது 2004. யாங்கோனில் (பழைய ரங்கூன்தான்), தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். என் அப்பா மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தா. எங்கள் வீட்டில் பொய் சொன்னால் சோறு கிடையாது. என் கணவர் கோ மணிக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். பெயரே அப்படித்தான், பர்மிய மரியாதையும் தமிழ்ப் பெயரும். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. மாமியாரை நான் 'அமே' என்றுதான் கூப்பிடுவேன், பர்மியத்தில் அம்மா. அவர் என்னிடம் பர்மியத்தில்தான் பேசுவார். தமிழ் கொஞ்சம் தெரியும், ஆனால் அதெல்லாம் புருஷனோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். அதனால் கோபம் வந்தால் மட்டுமே வெளியே வரும்.

எனக்கு முதல் பிரசவம். ஆறு மாதம் முடிகிற சமயத்தில் டாக்டரம்மா ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார்.

"உங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு சொன்னீங்களே, அதனால பார்த்துடலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் கூடாது. காலையில வெறும் வயித்துல ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் குளுக்கோஸ் தண்ணி குடிக்கணும். குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. நடுவுல வெறும் தண்ணி மட்டும்தான். எங்கயும் நடக்காம உட்கார்ந்திருங்க."

இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. நான் படித்தவள். ஆபீசில் கடிதம் தட்டச்சு செய்கிறவள். நன்றாகவே புரிந்தது.

லேப் ஊருக்கு நடுவில், ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில். அமே கூட வந்தார். முதல் ரத்தம் எடுத்ததும் அங்கிருந்த பெண் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரை நீட்டினாள். பாயசத்தைச் சுண்டக் காய்ச்சி அதில் இன்னொரு பாயசத்தைக் கரைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பாதி குடித்ததும் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது.

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க அக்கா. வாந்தி எடுத்தா இன்னொரு நாள் முதல்லேருந்து வரணும்" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

குடித்தேன். மின்சாரம் போய் விசிறி நின்றது. வியர்த்துக் கொட்டியது. அமே தன் கைவிசிறியால் எனக்கு வீசிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தமும் எடுத்தாயிற்று. இதுவரை நான் நல்லவள்.

அதற்குப் பிறகு குமட்டல் அடங்கிப் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. இரண்டு பேருக்கான பசி, முந்தைய ராத்திரியிலிருந்து வட்டியோடு சேர்ந்து வந்தது. போதாக்குறைக்கு ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு டீக்கடை. கல்லில் பலாட்டா போடுகிறான். (நம்ம பரோட்டாதான். கடல் தாண்டி வந்து பெயரை மாற்றிக்கொண்டு விட்டது.) அந்த எண்ணெய் வாசனை மாடிப்படி ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

அமே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. அப்போது என் புத்தி வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"அமே, பக்கத்துத் தெருவுல ஒரு பகோடா இருக்குல்ல? குழந்தைக்காக ஒரு பூ வெச்சுட்டு வர்றீங்களா?"

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் அவரிடம் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. அவரும் என்னைப் பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, கூப்பிட்டதில்லை. அவரவர் சாமி அவரவருக்கு என்று மரியாதையாக இருந்தோம். அமே என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீயாவே கேட்கிறியா, தமீ?" என்றார். தமீ என்றால் மகள். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

நான் தலையாட்டினேன். அவர் விசிறியை என் மடியில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். அவர் தெருமுனை திரும்பியதை ஜன்னலில் உறுதி செய்துகொண்டு, "பாத்ரூம்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, நானும் இறங்கினேன்.

பட்டாணி போட்ட பலாட்டாதான் கேட்டேன். அதில் எனக்கு ஒரு நியாயம் இருந்தது: பட்டாணியில் சர்க்கரை கிடையாது. (எவ்வளவு மனசாட்சி பாருங்கள்.) வந்தது சீனி தூவிய பலாட்டா. திருப்பிக் கொடுத்தால் நேரமாகும். சாப்பிட்டேன். விக்கியது. கடைப் பையன் கேட்காமலே வைத்துவிட்டுப் போன டீயைக் குடித்தேன். அடியில் கெட்டிப்பால் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது, அதையும் கரண்டியால் வழித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து விசிறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அமே திரும்பி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு களைத்துப்போனவள் மாதிரி சாய்ந்திருந்தேன்.

"பாவம், வாடிப் போயிட்டா" என்று லேப் பெண்ணிடம் சொன்னார்.

மூன்றாவது ரத்தம் எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "முதல் ரெண்டும் சரியா இருக்கு. மூணாவது மட்டும் ஒரேயடியா ஏறியிருக்கே. நடுவுல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அமே முந்திக்கொண்டார். "இவளா? குழந்தைக்காக என்னைப் பகோடாவுக்கு அனுப்பிட்டுத் தனியா உட்கார்ந்திருந்த பொண்ணு, டாக்டர். தண்ணிகூடக் குடிக்கல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அமேயும் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பலாட்டாவை மன்னித்துவிடலாம், பசி. அந்தத் தலையாட்டலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"ரெண்டு வாரம் பத்தியச் சாப்பாடு. மறுபடி பார்ப்போம். குறையலைன்னா இன்சுலின் ஊசிதான். வீட்டுல யாராவது போடக் கத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே அமே வீட்டிலிருந்த பனைவெல்லக் கட்டிகளைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு டீ குடிப்பது அவருடைய ஒரே சுகம். என் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று பகோடாவில் வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். தினமும் பாகற்காய், அவித்த கீரை, கைப்பிடிச் சோறு. கோ மணியும் அதையே சாப்பிட்டார், முனகாமல். அவர் முனகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தபோது அமே மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பம்பளிமாஸ். கையில் ஊசி. பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற நர்ஸிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். பழத்தில் குத்துகிறார், தண்ணீரை ஏற்றுகிறார், எடுக்கிறார், மறுபடி குத்துகிறார். பழம் முழுக்க ஓட்டை.

"உனக்கு வலிக்காம போடணும்ல" என்றார் என்னைப் பார்த்து.

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். பாதி மனசாட்சி, பாதி அந்த ஊசி.

"அமே, அன்னிக்கு நான் பலாட்டா சாப்பிட்டேன்."

"என்னிக்கு?"

"லேப்ல. நீங்க பகோடா போயிருந்தப்போ."

அவர் ஊசியை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டாணியா, சீனியா?" என்றார் கடைசியில்.

"சீனி. டீயும்."

அப்புறம்தான் தமிழ் வந்தது. "வெக்கமா இல்லே உனக்கு?" அவ்வளவுதான். அவர் கத்தியிருக்கலாம்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் என்னையே சொல்ல வைத்தார். வெளியே நாலைந்து கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்க, கதவு திறந்தே இருந்தது. "இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயங்கி விழுந்திருப்பீங்க. வயித்துல இருக்கிறதையும் சேர்த்து யோசிங்க" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தபோது ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்கள்.

சோதனையை மறுபடி செய்தார்கள். மூன்று ரத்தமும் சரியாக இருந்தது. அன்றைக்கு வரும் வழியில் வெல்லம் வாங்கி வந்து அமேயின் முன்னால் வைத்தேன்.

"அமே, இனிமே நீங்க சாப்பிடலாம். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"நீ டாக்டர்கிட்ட அப்படி இப்படிச் சொல்லலாம். நான் புத்தர்கிட்ட சொன்னதை மாத்த முடியாது" என்று தட்டை நகர்த்தி வைத்தார்.

மகள் பிறக்கும்வரை தொடவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்து வெறும் பச்சைத் தேநீரை எதிரே உட்கார்ந்து குடிப்பார்; நான் தட்டைக் கழுவப் போய்விடுவேன். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டுத் தட்டுகள் போல் பளபளத்த தட்டுகள் தாமுவேயிலேயே கிடையாது. பிரசவமானதும் ஆஸ்பத்திரியில் பேத்தியின் முகத்தைப் பார்த்தார், விரல்களை எண்ணினார், பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் இப்போது யாராவது பொய் சொல்வது போலத் தெரிந்தால், "பட்டாணியா, சீனியா?" என்று கேட்பது வழக்கம். கோ மணி ஆரம்பித்து வைத்தது. எங்கே கற்றோம் என்று தெரியாமலே என் மகளும் பள்ளியில் தோழிகளிடம் கேட்கிறாளாம்.

2009இல் மகன் வயிற்றில் இருந்தபோது மறுபடி அந்தச் சோதனை வந்தது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். அமே செருப்பை மாட்டிக்கொண்டார். குளுக்கோஸ் குடித்ததிலிருந்து கடைசி ரத்தம் எடுக்கும்வரை என் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்ரூமுக்குப் போனபோது வாசலில் நின்றார்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மணி நேரமா கையை விடவே இல்லையே. உங்க மாமியாருக்கு உங்க மேல எவ்வளவு பாசம், அக்கா."

அமே நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.